அந்தப் பதினோரு கிலோ நான் இல்லை

சர்ர்ர்ர்… தொப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டிடிங்.

இதைத்தான், திலகா மேடம், புதன்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்கு நான் கேட்டேன். துணி மடிக்கிற சின்ன அறையிலிருந்து வந்தது. திருடனாக இருந்தால் டிடிங் என்று தகவல் சொல்லிவிட்டுத் திருட மாட்டான். பேயாக இருந்தால் அதற்கு இழுத்துக்கொண்டு போக அவ்வளவு கனமாக என்ன இருக்கப்போகிறது? ஆக, இரண்டும் இல்லை. இரண்டும் இல்லை என்று தெரிந்ததும்தான் எனக்குப் பயம் அதிகமாயிற்று.

ஏன் கத்தவில்லை என்று கேட்பீர்கள். கத்த முடியவில்லை. நான் சமையலறை இருட்டில் நின்றுகொண்டிருந்தேன், வாய் நிறைய மக்ரூன்.

சொல்லிவிட்டேன். போயிற்று. நீங்கள் கொடுத்த நோட்டில் புதன்கிழமைப் பக்கத்தில் ‘இரவு உணவு: இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய்’ என்று எழுதியிருக்கிறேனே, அது பொய் இல்லை. ‘அதற்குப் பிறகு’ என்று உங்கள் நோட்டில் கட்டம் இல்லை. கட்டமே இல்லாத இடத்தில் நான் எங்கே போய் எழுதுவேன்? ஏழு மக்ரூன். அதுவும் தவக்காலத்தில், சீனியைத் தொடமாட்டேன் என்று சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு நேர்ந்துகொண்ட பிறகு. எங்கள் ஊர் மக்ரூன் நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். நாக்கில் வைத்ததும் காணாமல் போய்விடும். காணாமல் போகிற பொருளுக்கு எடை ஏது என்று ஒரு சமாதானம் எனக்கு.

ஆனால் இந்தக் கடிதம் மக்ரூனைப் பற்றியது இல்லை. அந்தப் பதினோரு கிலோவைப் பற்றியது. மேடம், அது நான் இல்லை. ஆண்டவர் சாட்சியாக நான் இல்லை. என்னை நீக்கிவிடாதீர்கள்.

உங்களிடம் நாற்பது பேர் இருக்கிறார்கள், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். நான் பதினேழாம் எண். ஜெசிந்தா கிளமென்ட், வயது இருபத்தாறு. தடுப்பூசி போடுகிற இடத்தில், ஊசி வாங்கிய குழந்தை சும்மா இருக்க நான் மட்டும் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேனே, நீங்கள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டை கொடுத்தீர்களே, அந்த ஆள். ‘சாதாரண ஜனங்கள் அவங்கவங்க எடையோட எப்படிக் காலம் தள்ளுறாங்கன்னு ஆராய்ச்சி பண்றோம்’ என்று நீங்கள் ஆரம்பித்தபோதே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எடை மெஷினும் நோட்டும் கையில் வந்த பிறகுதான் மீதியைக் கேட்டேன்.

மெலிய ஆசைப்பட்டுச் சேர்ந்தேன் என்றா நினைத்தீர்கள்? அதுவும் உண்டு. கிளமென்ட் கப்பலில் வேலை பார்க்கிறார், ஈஸ்டருக்கு வருகிறார். போகும்போது நான் ஐம்பத்தாறு கிலோ. வீடியோ அழைப்பில் நான் மூக்குக்கு மேலே மட்டும்தான் காட்டுகிறேன். அவர் என்னை நெற்றியை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டார்.

ஆனால் அது இல்லை காரணம். நோட்டில் ஒவ்வொரு நாளும் முதல் கேள்வி இருக்கிறதல்லவா, ‘இன்று உங்கள் உடம்பு உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்று? ஈவா பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பிள்ளை பால் குடிக்கிறதா, பிள்ளை தூங்குகிறதா, பிள்ளைக்கு வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்கள். என்னை ஒருவர் கேட்கவில்லை மேடம். ஒருவர்கூட. நீங்கள் அச்சடித்துக் கேட்டீர்கள். நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி அச்சடித்ததுதான், தெரியும். இருந்தாலும் நான் தினமும் ராத்திரி ஈவா தூங்கிய பிறகு அந்தக் கேள்விக்காக உட்கார்ந்துகொள்கிறேன். ராத்திரியில் எனக்குத் தூக்கம் வராது. தூங்கினால் எழுந்திருப்பேனா என்று ஒரு பயம். அது கிடக்கட்டும்.

உங்கள் விதி மூன்று. காலையில் வெறும் வயிற்றில், தனியாக, கதவை மூடிக்கொண்டு எடை பார்க்க வேண்டும். காலை சரி. வெறும் வயிறும் சரி. கதவிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கதவு இருக்கிறது. தாழ்ப்பாள் கிடையாது.

எல்லாம் என் மாமியார் வேலை. அமலோற்பவம் மாமி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு இளைத்துவிடும், ஆனால் ஆள் அப்படி ஒன்றும் இல்லை, கையகலம்தான் இருப்பார்கள். ஈவா பிறந்த பன்னிரண்டாம் நாள் நான் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டேன். ரத்தப்போக்கு. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். மாமி அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவை இடித்துத் திறந்தார்களாம். எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்போது மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி, கையில் ஊசி, பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், வாசல் கதவைத் தவிர ஒரு கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. கழற்றிவிட்டார்கள். திருகாணியோடு கழற்றி, ஒரு மக்ரூன் டப்பாவில் போட்டு, பீரோ மேலே வைத்துவிட்டார்கள். மக்ரூன் டப்பா மேடம்! ஒரு நாள் ராத்திரி ஸ்டூல் போட்டு ஏறி, சத்தம் வராமல் மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டால் இரும்பு. அந்த ஏமாற்றத்தை உங்கள் நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

குளிக்கும்போதும் நிம்மதி கிடையாது. உள்ளே நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் மாமி கதவைத் திறந்துவிடுவார்கள். என்னத்தைப் பேசுவது சோப்புப் போட்டுக்கொண்டு? கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததில் எனக்கு உருப்படியாக மிஞ்சியது இங்கிலீஷ் வாய்ப்பாடு ஒன்றுதான். இருபது வரைக்கும் தலைகீழாகச் சொல்லுவேன், பதினேழில் மட்டும் எட்டாவது வரியில் திக்கும். அதனால் பதினாறாம் வாய்ப்பாடு. சிக்ஸ்டீன் ஒன்ஸ் ஆர் சிக்ஸ்டீன், சிக்ஸ்டீன் டூஸ் ஆர் தர்ட்டி டூ. கண்ணில் ஷாம்பு போனாலும் நிறுத்தக் கூடாது. ஐந்து மாதமாக இப்படித்தான் குளிக்கிறேன்.

எடை பார்க்கும்போதும் அதே கதை. நான் மெஷினில் ஏறி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூச்சைப் பிடித்தால் நூறு கிராம் குறையும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறக்கும்.

“என்னட்டி, சத்தத்தைக் காணும்? எவ்வளவு?”

“மாமி, இது தனியாப் பாக்கணும்!”

“நான் என்ன ஊராளா? எவ்வளவு, சொல்லு.”

இதையும் கேளுங்கள். எடை முந்நூறு கிராம் குறைந்திருந்தால் மாமி முகம் அப்படியே தொங்கிப்போகும். இருநூறு கூடியிருந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். நான் பார்த்தேன், இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சரி, நம்மை ஒரு வழி பண்ணத்தான் இருக்கிறார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். மத்தியானம் தட்டைப் பார்த்தால் விளமீன் குழம்பில் துண்டெல்லாம் என் பக்கம். தன் தட்டில் விழுந்த துண்டையும் எடுத்து என் தட்டில் வைப்பார்கள்.

“எனக்கு ஒருசந்தி, நீ தின்னு.”

ஒருசந்தி என்றால் எங்கள் சபையில் ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. மற்றவர்கள் வெள்ளிக்கிழமை இருப்பார்கள். மாமி தினமும் இருக்கிறார்கள். அதுவும் தவக்காலத்துக்கு முந்தியே ஆரம்பித்தாகிவிட்டது. எதற்கு? போட்டிக்குத்தான், வேறு எதற்கு! எனக்கு மீனை ஊட்டி ஏற்றிவிட்டுத் தான் மட்டும் இளைத்துக்கொண்டு போகிறார்கள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிறது. மகன் வந்து பார்க்கும்போது அம்மா கொடியிடை, பெண்டாட்டி உரல். ‘எடை குறைப்பதில் உங்களுக்குத் தடையாக இருப்பது எது?’ என்ற பத்தாம் கேள்விக்கு நான் ஒரு நாள் ‘எது இல்லை, யார்’ என்று எழுதியது இதனால்தான்.

அப்புறம் வியாழக்கிழமை உங்கள் போன் வந்தது.

“ஜெசிந்தா, நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” என்று நீங்கள் கேட்டபோது நான் உருகிப்போனேன். ஆகா, நேரிலேயே கேட்கிறார்களே என்று. அடுத்த வரியில்தான் இடி. “நேத்து ராத்திரி பதினொண்ணு பதினாலுக்கு உங்க எடை பதினோரு கிலோ இருநூறுன்னு வந்திருக்கு.”

“எனக்கா?”

“ஏழு நிமிஷம் கழிச்சு இருபத்தஞ்சு முந்நூறு. அப்புறம் முப்பத்தெட்டு தொள்ளாயிரம். காலையில எழுபத்திரண்டு.”

சத்தியமாகச் சொல்கிறேன் மேடம், ஒரு விநாடி எனக்குப் பெருமையாக இருந்தது. பதினோரு கிலோ! கிளமென்ட் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

“குழந்தையை வச்சுப் பாத்தீங்களா?”

“ஈவா ஆறரை கிலோதான் மேடம்.”

“அப்ப யாரோ மெஷினை எடுத்து விளையாடுறாங்க. இப்படிக் கலந்து வந்தா உங்க கணக்கையே நாங்க எடுத்துக்க முடியாது. சனிக்கிழமைக்குள்ள என்ன நடந்ததுன்னு எழுதி அனுப்புங்க. தனியா, கதவைச் சாத்திப் பாக்க வழி இருந்தா தொடரலாம். இல்லேன்னா, மன்னிச்சுக்கங்க, பதினேழாம் நம்பரை நீக்கிடுவோம்.”

உங்கள் மேல் கோபம் இல்லை. உங்களுக்கும் மேலே ஒரு மாமியார் இருப்பார். ஆனால் நீக்கிவிட்டால் அந்த நோட்டை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் கேள்வியையும் சேர்த்துத்தானே கொடுக்க வேண்டும்?

அப்போதுதான் எனக்கு ‘டிடிங்’ விளங்கியது. எடை பதிவானால் மெஷின் போடுகிற சத்தம் அது. என் போன் எப்போதும் அந்தச் சின்ன அறை ஜன்னலில்தான் சார்ஜில் கிடக்கும். மெஷினில் எது ஏறினாலும் அது உடனே உங்களுக்கு ஒப்பித்துவிடுகிறது. சரி, ராத்திரி அதில் ஏறுவது எது? பதினோரு கிலோவில் ஆரம்பித்து நிமிஷத்துக்கு நிமிஷம் வளர்கிறதே, அது என்ன பிறவி?

வெள்ளிக்கிழமை, அதாவது நேற்று ராத்திரி, நான் காவலுக்குப் போனேன். ஈவாவைத் தொட்டிலில் உறங்க வைத்துவிட்டு, சின்ன அறையில் துணி காயப்போடுகிற கம்பிக்குப் பின்னால், கிளமென்டின் பழைய போர்வைக்குள்ளே நின்றேன். வலது கையில் ஜெபமாலை. இடது கையில் விளக்குமாறு. எது முதலில் தேவைப்படும் என்று தெரியாதல்லவா? கையில் மக்ரூன் இல்லை. இதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

சர்ர்ர்ர்…

கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. ஒரு கோணி மூட்டையை இரண்டு கையாலும் பின்னால் இழுத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, அமலோற்பவம் மாமி.

தொப். மூட்டையை மெஷின் மேல் சாய்த்து நிறுத்தினார்கள். டிடிங். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணை வாசித்தார்கள். “முப்பத்தாறு எண்ணூறு. தாயே, இன்னும் எழுநூறு.” இடுப்பில் செருகியிருந்த டம்ளரை எடுத்து, கொண்டுவந்த வாளியிலிருந்து கல்லுப்பை அள்ளி மூட்டைக்குள் போட்டார்கள். எடுத்தார்கள். போட்டார்கள். தங்கம் நிறுக்கிற ஆசாரி கெட்டான்.

கோணித் தூசி எனக்கு ஆகாது. தும்மிவிட்டேன்.

“யாரது!”

“நான்தான் மாமி.”

“போர்வைக்குள்ள என்னட்டி செய்யுத?”

“நீங்க என்ன செய்யுதீங்க?”

“தெரியலையாக்கும்? உப்பு நிறுக்குதேன்.” ராத்திரி பதினோரு மணிக்கு எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம் மாதிரி சொன்னார்கள்.

“யாருக்கு இவ்வளவு உப்பு?”

“உனக்குத்தான்.” டம்ளரைக் கீழே வைத்தார்கள். “சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். யாருக்கு நேர்ந்தமோ அவகிட்ட முன்கூட்டிச் சொன்னா பலிக்காதும்பாங்க. பலிச்சாச்சு, இனி என்ன? அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல மாதாகிட்ட சொன்னேன், இவளைத் தந்துரு, இவ எடைக்கு எடை உப்பு கொண்டாந்து உன் காலடியில வைக்கேன், அதுவரைக்கும் தினம் ஒருசந்தி இருக்கேன்னு. என் தம்பி உப்பளத்துலேருந்து கொடுத்து விட்டான். ஒரு மூட்டை புதன்கிழமையே முடிஞ்சுது, முப்பத்தெட்டு தொள்ளாயிரம். இது முப்பத்தேழு ஐநூறு வரணும். கூட்டிப் பாரு, வாய்ப்பாடு படிச்சவதான நீ.”

கூட்டினேன். எழுபத்தாறு நானூறு.

“இது… என் எடையா?”

“ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருக்கு.”

“மாமி, இப்ப நான் எழுபத்திரண்டு!”

“அதுக்கு?”

“நாலு கிலோவைக் குறைங்க!”

“மாதாகிட்ட பேரம் பேசச் சொல்லுதியா?”

“கோயில்ல எல்லாரும் பாப்பாங்க மாமி! ஜெசிந்தா எழுபத்தாறு கிலோன்னு ஊருக்கே தெரிஞ்சுரும்! பேரு வேற எழுதணும்பாங்க…”

“தம்பிகிட்ட சொல்லி எழுதியாச்சே” என்று மூட்டையைத் திருப்பிக் காட்டினார்கள். நீல மையில், கொட்டை எழுத்தில், ‘ஜெசிந்தா கிளமென்ட் – 76 கிலோ 400’. எனக்கு அப்படியே மூட்டைக்குள் இறங்கி உப்போடு உப்பாகிவிடலாம் போல இருந்தது. இறங்கினாலும் எடை கூடும்.

“சரி, அந்த நானூறையாவது விட்டுருங்களேன். வெறும் எழுபத்தாறுன்னு…”

“விடவா? உன் உசுரு அந்த நானூறுலதான் இருந்திருந்தா?”

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு சிஸ்டரிடம் இதைக் கேட்டிருந்தாலும் அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

“அன்னைக்கு ஆட்டோ வரைக்கும் உன்னைத் தூக்கிட்டுப் போனது யாருன்னு நினைச்ச?” என்றார்கள் மாமி. “நான்தான். மூணு படி, வீட்டு முத்தம், வாசல். எழுபத்தாறு நானூறையும் இந்தக் கையால தூக்கினேன். அங்க போனா ஒவ்வொண்ணா குறையுதுங்காங்க. ரத்தம் குறையுது, நாடி குறையுதுன்னு. கடைசியில மாதா ஒரு கிராம் குறையாமத் திருப்பிக் கொடுத்தா. அதுல நான் குறைக்கவா? அன்னையிலேருந்து எதுவும் குறைஞ்சாலே எனக்கு ஆகமாட்டேங்கு.”

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். உப்புத் தூசி யாருக்கும் ஆகாது, எனக்கும் அந்த நேரம் மூக்கெல்லாம் ஒழுகியது. கோணி அப்படி.

ஆனாலும் நான் விடவில்லை. நீங்கள் பெருமைப்பட வேண்டும். “உங்க உப்பால என்னை ஆராய்ச்சியிலேருந்து தூக்கப்போறாங்க” என்றேன்.

“தூக்கட்டும் பாப்போம், எழுபத்திரண்டு கிலோவை. நான் ஒருத்திதான் தூக்குவேன்.”

“வெளையாடாதீங்க மாமி. தனியாக் கதவைச் சாத்திப் பாத்தாத்தான் இருக்க விடுவாங்க. எனக்குத் தாழ்ப்பாள் வேணும்.”

மாமி முகம் மாறிவிட்டது. அம்மிக்குழவி மாதிரி ஆகிவிட்டது. “அது நடக்காது.”

“என்னைக் கேக்கிறதுக்கு இந்த நோட்டு ஒண்ணுதான் மாமி இருக்கு!” என்று நான் கத்திவிட்டேன். ஈவா முனகினாள். குரலைத் தணித்துக்கொண்டு நோட்டைப் பிரித்து முதல் கேள்வியை வாசித்துக் காட்டினேன். இன்று உங்கள் உடம்பு உங்களுக்கு எப்படி இருந்தது?

மாமி அந்தப் பக்கத்தை விரலால் தொட்டார்கள். “இதை நான் தினம் கேக்கேனே” என்றார்கள். “காலையில எவ்வளவு எவ்வளவுன்னு.”

“அது எடை மாமி. இது வேற.”

“என்ன வேற?”

வேறுதான். நிச்சயமாக வேறுதான். ஆனால் எப்படி வேறு என்று அந்த நேரம் எனக்குச் சொல்ல வரவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆராய்ச்சி செய்கிறவர்கள் அல்லவா.

அதோடு நேற்றைய கூத்து முடிந்தது. இன்று பகல் முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. மீன் மட்டும் வழக்கம் போல என் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமையும் ஓடிவிட்டது, இனி நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று ராத்திரி ஈவாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு வருகிறேன், மாமி ஸ்டூல் மேல் நிற்கிறார்கள். பீரோ மேலிருந்து அந்த டப்பா இறங்குகிறது.

“கத்தியை எடு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவியே, அது.”

சின்ன அறைக் கதவில் தாழ்ப்பாளை வைத்து, வெண்ணெய்க் கத்தியாலேயே நாலு திருகாணியையும் முடுக்கினார்கள். நான் விளக்கைப் பிடித்தேன். “ரெண்டு நிபந்தனை. உள்ள இருக்கிற வரைக்கும் வாய்ப்பாடு நிக்கக் கூடாது. பதினாறுதான். பதினேழு வேண்டாம், எட்டாவதுல நீ திக்குவ, இங்க எனக்கு உசுரு போயிரும்.”

“ரெண்டாவது?”

“மூட்டையில பேரு இருக்கும்.”

“எடையை மட்டும் அழிச்சிரட்டா?”

யோசித்தார்கள். “மாதாவுக்கு எடை தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாம்னா அழிச்சிக்கோ.”

நான் இருக்கிற எச்சில் எல்லாம் தொட்டு அழித்தேன் மேடம். பிறகு எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. தாழ்ப்பாள் கிடைத்த குஷியாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் மாமியின் கழுத்தெலும்பு இரண்டும் வாளிப் பிடி மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. “மாமி, நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்” என்றேன்.

“எனக்கு எதுக்கு?”

“சும்மாதான். எவ்வளவுன்னு பாப்போம்.”

“ஆளு முன்னாடி ஏற மாட்டேன்” என்றார்கள். “தாழ்ப்பாள் சரியா விழுதான்னும் பாக்கணுமே” என்று சொல்லிக்கொண்டே, மெஷினைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, கதவைச் சாத்திவிட்டார்கள்.

இது நடந்து இரண்டு நிமிஷம் ஆகிறது. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். கதவில் காதை வைத்திருப்பது பயத்தால் இல்லை, சாய்ந்துகொண்டு எழுத வசதியாக இருக்கிறது. போன் உள்ளே ஜன்னலில் இருக்கிறது. இன்னும் கொஞ்சத்தில் உங்களுக்கு ஒரு எடை வரும், என் பேரில், சின்ன எடையாக வரும். மேடம், அதுவும் நான் இல்லை. ஆனால் அதை அழித்துவிடாதீர்கள். பதினேழு ‘ஆ’ என்று ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டும் கொடுத்தனுப்புங்கள், அந்த முதல் கேள்வி இருக்கிற நோட்டு. கேட்கிற ஆள் இல்லை அவர்களுக்கு.

ஏன் உள்ளே சத்தத்தையே காணவில்லை? காலையிலிருந்து ஒரு வேளைக் கஞ்சிதான் குடித்திருக்கிறார்கள்.

“மாமி!”

கதவைத் தட்டுகிறேன்.

“மாமி, என்ன சத்தத்தைக் காணும்? வாய்ப்பாடு சொல்லுங்க! சொல்லலேன்னா நான் கதவைத் திறந்துருவேன், அம்மிக்குழவி எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்!”

கதவுக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிறார்கள். பள்ளிக்கூடப் படியே ஏறாத மனுஷி, ஐந்து மாதமாகக் குளியலறை வாசலில் நின்று படித்ததை, எங்கள் சிஸ்டருடைய அதே ராகத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

“சிச்சுடீன் ஒன்சார் சிச்சுடீன்… சிச்சுடீன் டூசார் தட்டி டூ… சிச்சுடீன் த்ரீசார் பாட்டி எயிட்டு… இருக்கியாட்டி வெளியே?”

“இருக்கேன் மாமி. நிறுத்தாதீங்க.”

“சிச்சுடீன் போர்சார்…”

டக் என்று உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.